குழந்தைக்கு ட்ரெய்லர் சைக்கிள் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ட்ரெய்லர் சைக்கிள் என்பது முன்சக்கரம் இல்லாத அரைச் சைக்கிள். ஒரு சீட், பெடல், செயின், ஒரு பின்சக்கரம், பிடித்துக்கொள்ள மட்டுமே பயன்படும் ஒரு ஹேண்டில்பார், அவ்வளவுதான். முன்சக்கரம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு நீண்ட குழாய் கிளம்பி, பெரியவரின் சைக்கிளில் போய் மாட்டிக்கொள்கிறது. திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் பெரியவர் பொறுப்பு. குழந்தை விரும்பினால் மிதிக்கலாம், களைத்தால் சும்மா உட்காரலாம். குழந்தை இருக்கையில் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்ட, ஆனால் சாலையில் தனியாக ஓட்டும் பக்குவம் இன்னும் வராத பிள்ளைகளுக்கு, அதாவது ஏறத்தாழ 4 வயதிலிருந்து 9 வயது வரை, இதைவிட நல்ல ஏற்பாடு குறைவு.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் குழந்தை உட்காரும் பாதியைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். நிறம் பிடித்திருக்கிறதா, கியர் இருக்கிறதா, மணி இருக்கிறதா என்று. ஓட்டம் சுகமாக அமைவதும் கெட்டுப்போவதும் அங்கே இல்லை. இணைக்கும் மூட்டிலும் முன்னால் இருக்கும் பெரியவரின் சைக்கிளிலும்தான் இருக்கிறது. ஒற்றைச் சக்கரம் தானாக நிற்காது. முன்னால் இருக்கும் சைக்கிள்தான் அதை நிமிர்த்திப் பிடிக்கிறது. குழந்தை இடப்பக்கம் சாய்ந்தால் அந்தச் சாய்வு மூட்டு வழியாக அப்படியே பெரியவரின் சீட்டுக்கு வந்து சேரும். கீழே சொல்லப்படும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தை மறப்பதால் வருபவை.

பெரியவரின் சைக்கிளை அளக்காமல் வாங்குவது

சந்தையில் அதிகம் கிடைக்கும் வகை, சீட்டைத் தாங்கும் கம்பியில், அதாவது சீட் போஸ்டில், கிளாம்ப் போட்டு மாட்டுவது. இதற்கு முதல் தேவை, அந்தக் கம்பியில் கிளாம்ப் உட்கார இடம். உயரம் குறைந்தவர்கள் சீட்டை இறக்கி வைத்து ஓட்டுவார்கள். ஃபிரேமுக்கும் சீட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடம்கூட இருக்காது. கிளாம்பின் உயரத்தை அளந்து, அதற்கு மேல் சில சென்டிமீட்டராவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும். இடம் போதவில்லை என்று சீட்டை மேலே தூக்கிவிடுவது சரியான தீர்வு ஆகாது. குழந்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கும்போது பெரியவரின் இரண்டு கால்களும் தரையில் உறுதியாக ஊன்ற வேண்டும். தவிர, கம்பியில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச நுழைவுக் குறிக்கு மேல் அதை இழுத்தால் ஃபிரேமே பிளக்கக்கூடும்.

இரண்டாவது, கம்பியின் தடிமன். 25.4, 27.2, 30.9, 31.6 மி.மீ. என்று பல அளவுகள் புழக்கத்தில் உள்ளன. கிளாம்ப் ஓர் அளவுக்குச் செய்யப்பட்டு, மெலிந்த கம்பிகளுக்காக உள்ளே போடும் வளையங்கள் தனியாக வரும். கம்பியின் அளவு அதன் அடிப்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் வெர்னியர் காலிப்பரால் அளக்கலாம். அளவு பொருந்தாத வளையத்தைப் போட்டு போல்ட்டை முறுக்கினால் அன்றைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். சில கிலோமீட்டர் ஓடியதும் கிளாம்ப் மெல்லத் திரும்பும், குழந்தை ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி வரும். வெட்டிய டியூப் துண்டைச் சுற்றி இடைவெளியை நிரப்புவது இன்னும் மோசம். ரப்பர் அமுங்கி அமுங்கி விடும், ஆட்டம் ஒருபோதும் நிற்காது.

கார்பன் கம்பியில் மாட்டவே கூடாது. பக்கவாட்டில் நெரிக்கும் கிளாம்பையும் தொடர்ந்து வரும் முறுக்கத்தையும் தாங்குவதற்காக அது செய்யப்படவில்லை. விரிசல் வெளியே தெரியாமலே வளர்ந்து திடீரென்று முறியும். ஸ்பிரிங் வைத்த கம்பி, பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கும் கம்பி, வட்டமாக இல்லாமல் பட்டையாக வரும் கம்பி ஆகியவையும் வேண்டாம். இவற்றை அலுமினியம் அல்லது எஃகுக் கம்பியாக மாற்றிக்கொள்வது எளிது. ஃபிரேமே கார்பன் என்றாலோ, பேட்டரி சைக்கிள் என்றாலோ, அந்தச் சைக்கிளின் கையேட்டில் ட்ரெய்லர் இழுக்க அனுமதி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூட்டைக் கையால் அசைத்துப் பார்க்காமல் விடுவது

நல்ல மூட்டு இரண்டு திசைகளில் மட்டும் அசைய வேண்டும். வளைவில் திரும்ப வலம் இடமாக ஓர் அசைவு. மேடு பள்ளத்துக்கு மேலும் கீழுமாக ஓர் அசைவு. மூன்றாவதாக, உருள்வது போன்ற பக்கச் சாய்வு அறவே இருக்கக் கூடாது. மலிவான மூட்டுகளில், மூட்டைக் கோர்க்கும் உலோக ஊசியான பின்னுக்கும் (pin) அது நுழையும் துளைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே இந்த மூன்றாவது அசைவுக்கு வழி விட்டுவிடுகிறது. 3 டிகிரி ஆட்டம் என்றால் கேட்கும்போது அற்பமாகத் தோன்றும். குழந்தையின் தலை மட்டத்தில் அது ஏறத்தாழ 5 செ.மீ. சாய்வு. ஒவ்வொரு பெடல் மிதிக்கும் குழந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்து சரிந்து மோத, முன்னால் இருப்பவருக்கு யாரோ சீட்டைப் பிடித்து உலுக்குவது போல இருக்கும்.

சோதிக்கும் முறை எளிது. பெரியவரின் சைக்கிளை ஒருவர் அசையாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் ட்ரெய்லரின் சீட்டைப் பிடித்து வலமும் இடமும் தள்ளிப் பார்க்கட்டும். டயர் நசுங்குவதால் வரும் சிறு அசைவு இருக்கத்தான் செய்யும். மூட்டில் ‘டக்’ என்று சத்தம் வந்தாலோ, பின் துளைக்குள் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தாலோ அதை வாங்க வேண்டாம். மூட்டுக்குள் பிளாஸ்டிக் புஷ், அதாவது பின்னைச் சுற்றி இருக்கும் உறை, இருந்தால் அது தேயும், மாற்ற வேண்டிவரும். ஆகவே வாங்கும்போதே புஷ், பின், கிளாம்ப் மூன்றும் உதிரியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுவது நல்லது. அம்மா ஒரு நாள், அப்பா ஒரு நாள் என்று மாறி மாறி ஓட்டும் வீட்டில் இரண்டாவது கிளாம்ப் ஒன்று தனியாக வாங்கி அந்தச் சைக்கிளிலேயே நிரந்தரமாக விட்டுவிட்டால், கழற்றி மாட்டும் வேலையும் அவசரத்தில் தவறாக மாட்டும் ஆபத்தும் சேர்ந்தே ஒழியும்.

மூட்டைக் கோர்க்கும் பின்னுக்கு இரண்டாவது பாதுகாப்பு இருக்க வேண்டும். பின் நழுவாமல் தடுக்கும் கிளிப்போ, மூட்டே விட்டுப்போனாலும் குழாயைப் பிடித்து நிறுத்தும் பட்டையோ. ஒரு பின், ஒரு நட், அவ்வளவுதான் என்று இருக்கும் மாடலை நம்பிக் குழந்தையை ஏற்றக் கூடாது.

மாட்டும்போது செய்யும் தவறுகளும் உண்டு. கிளாம்ப் ஃபிரேமின் நடுக்கோட்டோடு நேராக நிற்கிறதா என்று பின்னால் பத்து அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். கிளாம்ப் சற்றே திரும்பியிருந்தாலும் ட்ரெய்லரின் சக்கரம் சாய்ந்து நிற்கும். குழந்தை சரியாக உட்காரவில்லை என்று அதைத் திட்டிப் பயனில்லை. இரண்டு அல்லது நான்கு போல்ட் உள்ள கிளாம்பில் ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். கையேட்டில் போல்ட்டை எவ்வளவு இறுக்கலாம், எத்தனை நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தால் அதற்கு மேல் போகக் கூடாது. முதல் 5 கி.மீ. ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும். பலரும் மறக்கும் ஒன்று: ட்ரெய்லர் இழுக்கும் இழுப்பில் சீட் கம்பியே ஃபிரேமுக்குள் திரும்பிவிடும். ஓட்டும்போது சீட் கோணலாகிறது என்றால் இறுக்க வேண்டியது கிளாம்பை அல்ல, ஃபிரேமின் வாயில் இருக்கும் சீட் போல்ட்டை.

கேரியரில் மாட்டும் வகையைக் கணக்கிலேயே எடுக்காதது

சீட் கம்பியில் மாட்டும் வகை மலிவு, எங்கும் கிடைப்பது. அதனால் அது ஒன்றே வழி என்று நினைத்துவிடுகிறார்கள். பின்சக்கரத்துக்கு மேலே தனிக் கேரியர் ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் இருக்கும் மூட்டில் ட்ரெய்லரைக் கோர்க்கும் வகையும் உண்டு. பர்லி நிறுவனத்தின் கசூ, பிக்கோலோ மாடல்கள் இந்த வகை. மூட்டு பின்சக்கர அச்சுக்கு ஏறத்தாழ நேர் மேலே வருவதால் வளைவில் ட்ரெய்லர் முன்சைக்கிளின் தடத்தை நெருக்கமாகத் தொடர்கிறது. இழுவிசை தாழ்வான இடத்தில் விழுவதால் சீட் அசைவதும் இல்லை. ட்ரெய்லரைக் கழற்றிய நாட்களில் கேரியர் பைகளுக்கும் ஆகும். அடிக்கடி, நீண்ட தூரம் போகப் போகிறீர்கள் என்றால் கூடுதல் பணத்துக்கு இது தகும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் கேரியரைத் திருகப் பின் ஃபிரேமில் துளைகள் வேண்டும். சாதாரணக் கேரியரில் இந்த மூட்டைத் திருகி ஒப்பேற்றலாம் என்று முயலவே கூடாது. அது கீழ்நோக்கிய பாரத்துக்குச் செய்யப்பட்டது, பக்கவாட்டு முறுக்கத்துக்கு அல்ல.

சீட் கம்பி வகையைத் தேர்ந்தால், ஏற்கெனவே இருக்கும் கேரியரும் அதில் மாட்டியிருக்கும் குழந்தை இருக்கையும் குறுக்கே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். கூர்மையாகத் திரும்பும்போது ட்ரெய்லரின் குழாய் கேரியரின் விளிம்பில் முட்டும். கடையிலேயே மாட்டி, வலப்பக்கமும் இடப்பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

எடை வரம்பை மட்டும் பார்ப்பது

பெரும்பாலான ட்ரெய்லர் சைக்கிள்களில் குழந்தையின் எடை வரம்பு 34 முதல் 38 கிலோவுக்குள் இருக்கும். என் பிள்ளை 28 கிலோதான், போதும் என்று அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இழுப்பவரின் எடை என்ன என்பதும் அதே அளவு முக்கியம்.

ஒரு சின்னக் கணக்கு. 25 கிலோ குழந்தை வேடிக்கை பார்க்க 10 செ.மீ. ஒரு பக்கம் சாய்கிறது. அதைச் சமன் செய்ய 65 கிலோ எடையுள்ளவர் எதிர்ப்பக்கம் ஏறத்தாழ 4 செ.மீ. நகர வேண்டும். அது தானாக நடந்துவிடும். குழந்தை 32 கிலோ, ஓட்டுபவர் 50 கிலோ என்றால் 6 செ.மீ.க்கும் மேல் நகர வேண்டும். ஒவ்வொரு முறை குழந்தை திரும்பிப் பார்க்கும்போதும் இது நடந்தால் அரை மணி நேரத்தில் முதுகு கேட்கும், நெரிசலில் சைக்கிள் நெளியும். பெரியவரும் அவர் சைக்கிளும் சேர்ந்து, குழந்தையும் ட்ரெய்லரும் சேர்ந்த எடையைப் போல இரு மடங்காவது இருந்தால் ஓட்டுவது சுலபம். மெலிந்தவர் ஓட்டப் போகிறார் என்றால் 10 கிலோவுக்குக் கீழ் உள்ள ட்ரெய்லரைத் தேடுங்கள். குழந்தையின் எடையைக் குறைக்க முடியாது; இரும்பின் எடையைக் குறைக்கலாம்.

இதே காரணத்தால் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும் பழக்கத்தை விட வேண்டும். நின்று மிதித்தால் சைக்கிள் இடமும் வலமும் ஆடும், அதே ஆட்டம் பின்னால் பெரிதாகும். கியரை இறக்கி உட்கார்ந்தே ஏற வேண்டும். உங்கள் சைக்கிளில் அவ்வளவு இலகுவான கியர் இல்லை என்றால், ட்ரெய்லர் வாங்குமுன் பின்பக்கப் பல்சக்கரத்தை அதிகப் பற்கள் உள்ள பெரியதாக மாற்றுவது முதல் வேலை.

குழந்தைக்குச் சீட்டைத் தாழ்த்தி வைப்பது

தனிச் சைக்கிள் கற்கும் குழந்தைக்குக் கால் தரையில் பட வேண்டும். ட்ரெய்லரில் அந்தத் தேவை இல்லை. பழக்கத்தில் இங்கேயும் தாழ்த்தி வைத்துவிடுகிறார்கள், முழங்கால் மார்பை இடிக்க, இரண்டு நிமிடத்தில் குழந்தை மிதிப்பதை நிறுத்திவிடுகிறது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், அதுதான் சரியான உயரம். சீட்டை அடிவரை இறக்கியும் 4 வயதுக் குழந்தையின் கால் பெடலின் கீழ்ச்சுற்றுக்கு எட்டவில்லை என்றால் அந்த மாடல் இப்போதைக்கு அதற்குப் பெரிது. ஆறு மாதம் பொறுக்கலாம். கட்டையைக் கட்டிப் பெடலை உயர்த்துவது வழுக்கும். ஹேண்டில்பாரையும் குழந்தையை நோக்கிச் சாய்க்க முடிகிறதா என்று பாருங்கள். எட்டிப் பிடிக்கும் குழந்தை சீக்கிரம் கையை விட்டுவிடும்.

கியர் தேவையா என்ற கேள்விக்கு நீங்கள் போகும் வேகம்தான் பதில் சொல்லும். 20 அங்குலச் சக்கரம், முன்னால் 32 பல், பின்னால் 18 பல் என்று ஒற்றை கியர் இருந்தால், குழந்தை நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது வேகம் ஏறத்தாழ மணிக்கு 10 கி.மீ. நீங்கள் 15 கி.மீ. வேகத்தில் போனால் குழந்தை கிட்டத்தட்ட 90 சுற்று மிதித்தால்தான் உதவி என்று ஒன்று கிடைக்கும். அதற்குக் கீழே கால் வெறுமனே சுற்றும், செயினில் பிடிப்பே இருக்காது. சக்கரம் ஓடும்போதும் பெடலைச் சும்மா விட்டுவைக்கும் ஃப்ரீவீல் இருப்பதால் ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் மிதிப்பது வீண் என்று குழந்தைக்குப் புரிந்துவிடும். பூங்கா, குறுகிய தூரம் என்றால் ஒற்றை கியர் போதும். மேடு உள்ள நீண்ட வழி என்றால் 6 அல்லது 7 கியர் நல்லது. மேட்டில் குழந்தை உண்மையாகவே தள்ளும்போது கிடைக்கும் உதவி முன்னால் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும், குழந்தைக்கும் அந்தப் பெருமை தெரியும்.

தூங்கிவிடும் பிள்ளைக்கு இது வேண்டாம். ட்ரெய்லர் சைக்கிளில் உடலைக் கட்டும் பெல்ட் பொதுவாக இல்லை. பிடித்திருப்பது குழந்தையின் இரண்டு கைகள் மட்டுமே. மதியத் தூக்கம் விடாத வயதில் பெல்ட் உள்ள இருக்கையோ, இரண்டு சக்கரக் கூண்டு ட்ரெய்லரோதான் பொருத்தம். சாய்ந்து உட்கார்ந்து பெல்ட் போடும் வீஹூ போன்ற மாடல்கள் இதற்கு ஒரு நடுவழி.

பிரேக், மட்கார்டு, விளக்கு: விலைப்பட்டியலில் வராதவை

பெரும்பாலான ட்ரெய்லர் சைக்கிள்களுக்குத் தனி பிரேக் கிடையாது. 70 கிலோ ஆள், 13 கிலோ சைக்கிள் என்றால் மொத்தம் 83. பின்னால் 25 கிலோ குழந்தையும் 10 கிலோ ட்ரெய்லரும் சேர்ந்தால் 118. அதே அழுத்தத்தில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் ஏறத்தாழ 1.4 மடங்காகும். ஆகவே ட்ரெய்லர் வாங்கும் நாளிலேயே முன்சைக்கிளின் பிரேக் கட்டைகளையும் கம்பிகளையும் புதிதாக்கிவிடுவது நல்லது. இறக்கத்தில் வேகம் பிடித்த பிறகு குறைக்கப் பார்க்காமல், ஆரம்பத்திலேயே குறைத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஈரச் சாலையில், வளைவின் நடுவே பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் பின்னால் வரும் எடை முன்சைக்கிளின் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளி மடக்கிவிடும்.

பெரியவரின் பின்சக்கரத்துக்கு முழு மட்கார்டு வேண்டும். உங்கள் டயர் கிளப்பும் சேறும் பொடிக்கல்லும் நேராகப் போய் விழுவது குழந்தையின் முகத்தில். மட்கார்டின் பின்னோரம் நீளமாக, கீழே ஒரு ரப்பர் மடிப்போடு இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் சைக்கிளின் பின்விளக்கைக் குழந்தை மறைத்துவிடும், ஆகவே சிவப்பு விளக்கும் பிரதிபலிப்பானும் ட்ரெய்லரிலேயே இருக்க வேண்டும். ஒரு நீளக் கம்பியில் கொடியும் கட்டுங்கள். மொத்த நீளம் ஏறத்தாழ 3 மீட்டர் ஆகிறது. ஓர் ஆளைத்தான் கடக்கிறோம் என்று நினைக்கும் வாகன ஓட்டிக்குப் பின்னால் இன்னொரு சக்கரம் வருவது தெரிய வேண்டும்.

பழையது வாங்கும்போது

பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவதால் பழைய ட்ரெய்லர்கள் நிறையக் கிடைக்கின்றன, பல நல்ல நிலையில் இருக்கும். டயர், செயின், சீட் பழுதாக இருந்தால் கவலை இல்லை. எல்லாம் சாதாரண உதிரிகள். இணைப்புக் குழாயின் வளைவிலும் வெல்டிங்கிலும் பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தெரிகிறதா, துரு கசிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் விட்டுவிடுங்கள், மறுபடி வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்ற யோசனையும் வேண்டாம். கிளாம்பும் வளையங்களும் தொலைந்துபோன ட்ரெய்லர் மலிவாகக் கிடைத்தாலும் அதே மாடலின் உதிரி கிடைக்குமா என்று தெரியாமல் எடுக்கக் கூடாது. வேறு மாடலின் மூட்டு பார்க்க ஒன்றுபோல இருக்கும், துளை அளவு மாறும்.

தனியாக ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கும் இதையே வாங்குவது

குழந்தைக்கு ஏற்கெனவே சொந்தச் சைக்கிள் இருந்து, பாதி வழி தானே ஓட்டும் என்றால் வேறு சாதனம் பொருந்தும். ட்ரெயில்-கேட்டர் போன்ற இழுவைத் தண்டு, குழந்தையின் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பெரியவரின் சீட் கம்பியில் கோர்க்கிறது. தண்டு மெலிந்தது, ஆட்டமும் சாய்வும் ட்ரெய்லரைவிட அதிகம். குறுகிய தூரத்துக்குச் சரி. ஃபாலோமீ என்பது பெரியவரின் பின்சக்கர அச்சில் மாட்டும் உறுதியான சட்டம். இழுவிசை தாழ்வாக இருப்பதால் நிலையாக ஓடும், விலையும் எடையும் கூட. மீள்தன்மையுள்ள இழுவைக் கயிறு மேட்டில் கைகொடுக்க மட்டுமே. அதில் குழந்தை தானே திருப்பி, தானே பிரேக் பிடிக்க வேண்டும், ஆகவே போக்குவரத்துள்ள சாலைக்கோ இறக்கத்துக்கோ அதை எடுத்துப் போகக் கூடாது.

முதல் நாளே சாலையில் இறங்குவது

முதலில் காலி ட்ரெய்லரோடு வாகனம் வராத இடத்தில் எட்டு வடிவில் ஓட்டிப் பழகுங்கள். ட்ரெய்லரின் சக்கரம் உங்கள் தடத்தைவிட உள்பக்கமாக வளைவை வெட்டி வரும். நடைபாதை விளிம்பும் கம்பங்களும் உங்களுக்குத் தப்பினாலும் குழந்தைக்குத் தப்பாது; அகலமாகத் திரும்ப வேண்டும். நிற்கும் நிலையில் கூர்மையாகத் திருப்பினால் ட்ரெய்லர் மடங்கிச் சரியும், அதையும் காலியாக இருக்கும்போதே ஒரு முறை செய்து பார்த்தால் எந்தக் கோணத்தில் மடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

ஏறும்போது பெரியவர் முதலில். வழக்கம்போலக் காலைப் பின்னால் வீசி ஏறினால் குழந்தையை உதைத்துவிடுவீர்கள். சைக்கிளைச் சாய்த்து, குறுக்குக் கம்பிக்கு மேலாகக் காலைத் தாண்டிப் போட வேண்டும். இரண்டு பாதங்களும் தரையில், இரண்டு பிரேக்கும் பிடித்த நிலையில் நின்ற பிறகு குழந்தை ஏறட்டும். இறங்கும்போது குழந்தை முதலில். ஸ்டாண்டு போட்டுவிட்டுக் குழந்தையை உட்கார வைத்து நகர்ந்தால், அது அசைந்த மறுகணம் எல்லாம் சேர்ந்து விழும்.

‘மிதி’, ‘குழி’, ‘நிற்கிறோம்’, ‘இடது’, ‘வலது’ என்று ஐந்தாறு சொற்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் மாறிக் கிளம்பும் கணத்தில் ‘மிதி’ என்று சொன்னால் இருவரும் ஒன்றாக அழுத்துவீர்கள், முதல் சில மீட்டர் தள்ளாட்டம் பாதியாகக் குறையும். குழந்தைக்கும் பதிலுக்கு ஒரு சொல் வேண்டும். கை வலித்தாலோ, செருப்பு கழன்றாலோ ‘நில்லு’ என்று கத்தலாம் என்பதைப் பழக்கி, அது சொன்ன ஒவ்வொரு முறையும் நிறுத்துங்கள். பின்னால் என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்த்தால் நீங்கள் சாய்வீர்கள், சைக்கிளும் சாயும். ஹேண்டில்பாரில் ஒரு சிறிய கண்ணாடி மாட்டி, அதில் குழந்தையின் கைகள் தெரியும்படி திருப்பி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.